மேசை 75 சென்டிமீட்டர், முழங்கை 64

கேள்வி: எனக்கு வயது 36. உயரம் 5 அடி 1 அங்குலம். முத்தியால்பேட்டையில் மாடி வீட்டில் வாடகைக்கு இருக்கிறோம். மெடிக்கல் பில்லிங் வேலை. மதியம் ஒன்றரை மணியிலிருந்து இரவு பத்தரை வரை, வீட்டிலிருந்தே. நடுவில் ஏழு மணிக்கு முக்கால் மணிநேரம் இடைவேளை. சாப்பாட்டு மேசையில் லேப்டாப்பை வைத்து, கை வைத்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து செய்கிறேன். டேப் வைத்து அளந்தேன்: மேசை 75 செ.மீ., நாற்காலி 43. எட்டு மாதமாகக் கழுத்தும் வலது தோள்பட்டையும் இறுகிக்கொள்கின்றன. எழுந்தால் முதல் நாலு அடிக்கு இடுப்பு நிமிர மாட்டேன் என்கிறது. ராத்திரிக்குள் இரண்டு பாதமும் வீங்கிச் செருப்பு இறுக்குகிறது, காலையில் வடிந்துவிடுகிறது. ஒரு மாதமாக விடியற்காலை மூன்று மணிக்கு வலது கை மரத்துப்போய் விழிப்பு வருகிறது, உதறினால் சரியாகிறது. கணவர் 18,000 ரூபாய்க்கு ஒரு நாற்காலி பார்த்து வைத்திருக்கிறார். நின்றுகொண்டே வேலை செய்யும் மேசை வாங்கச் சொல்கிறான் தம்பி. மாமியார் தரையில் உட்கார்ந்து பார் என்கிறார். மருந்துக் கடையில் இடுப்பு பெல்ட் போடச் சொன்னார்கள். கம்பெனி மென்பொருள் ஐந்து நிமிடம் கை அசையாவிட்டால் குறித்துக்கொள்ளும். உடற்பயிற்சிக்கென்று தனி நேரம் கிடையாது. எதிலிருந்து தொடங்குவது? அம்மாவுக்குச் சர்க்கரை உண்டு. எட்டு வயது மகனும் இதே மேசையில்தான் வீட்டுப்பாடம் எழுதுகிறான், அவனுக்கும் ஏதாவது சொல்லுங்கள். – பெயர் வேண்டாம், புதுச்சேரி.

பதில்: டேப் எடுத்து அளந்து எழுதினீர்களே, அதிலேயே பாதி பதில் இருக்கிறது. உங்கள் உயரத்துக்கு, உட்கார்ந்த நிலையில் இருக்கையிலிருந்து முழங்கை வரை ஏறக்குறைய 21 செ.மீ. இருக்கும். நாற்காலி 43, முழங்கை 21, ஆக 64. மேசையோ 75. அந்த 11 சென்டிமீட்டரை ஒன்பது மணிநேரமும் உங்கள் தோள்பட்டைதான் தூக்கிப் பிடித்துக்கொண்டிருக்கிறது. தோளை உயர்த்தினால்தான் கை விசைப்பலகைக்கு எட்டும். உயர்த்திய தோளை இறக்க வழியே இல்லை. கழுத்திலிருந்து தோள் வரை ஓடும் தசை மணிக்கணக்கில் சுருங்கியே இருந்தால் இறுகத்தான் செய்யும். எத்தனை தைலம் தேய்த்தாலும் மறுநாள் மதியம் அதே மேசைக்குப் போகிறீர்கள், வலியும் கூடவே வருகிறது.

நான் சொன்ன 21 ஓர் ஊகம்தான். நீங்களே அளந்துவிடுங்கள். நாற்காலியின் பின்பக்கம் வரை ஒட்டி உட்காருங்கள். தோளைத் தளரவிட்டு மேல்கையைத் தொங்கவிட்டு, முழங்கையை மட்டும் மடக்குங்கள். முழங்கையின் அடிப்பக்கத்திலிருந்து இருக்கை வரை வேறொருவர் அளக்கட்டும். தனியாக அளந்தால் குனிந்து பார்க்கும்போதே அளவு மாறிவிடும். அடுத்து, வெறுங்காலைத் தரையில் ஊன்றி, முழங்காலின் பின்மடிப்பிலிருந்து தரை வரை. அது உங்களுக்கு 39 செ.மீ. அளவில் இருக்கும். நாற்காலி வாங்குவதா வேண்டாமா என்பதெல்லாம் இந்த இரண்டு எண்களுக்குப் பிறகுதான்.

இப்போது அந்த 18,000 ரூபாய் நாற்காலியைப் பார்ப்போம். அதை வாங்கிவந்து, கால் தரையில் படும்படி இறக்கி வைத்தால் முழங்கை 60ல் நிற்கும். மேசையோடு உள்ள இடைவெளி 15 ஆகிவிடும். மேசைக்கு ஏற்றபடி உயர்த்தினால் கால் அந்தரத்தில் தொங்கும். நல்ல நாற்காலிதான், ஆனால் உங்கள் கணக்கை அது தீர்க்காது. பணத்தை இப்போதைக்கு வைத்திருங்கள்.

சாப்பாட்டு மேசையோடு வந்த, கை இல்லாத மரநாற்காலி இருக்கும். அதையே எடுத்துக்கொள்ளுங்கள். அந்த வகை நாற்காலிகள் பெரும்பாலும் 45 செ.மீ. உயரம், இருக்கை தட்டையாக இருக்கும். பிளாஸ்டிக் நாற்காலியின் இருக்கை நடுவில் குழிந்து பின்னால் சரிவதால் இடுப்பு தானாகவே பின்னோக்கி உருண்டு முதுகு வளைகிறது. அதன் கைகளும் மேசை விளிம்பில் முட்டி உங்களைத் தள்ளியே உட்கார வைக்கின்றன; அதனால் கையை நீட்டி எட்ட வேண்டியிருக்கிறது. சிலர் இரண்டு மூன்று பிளாஸ்டிக் நாற்காலிகளை ஒன்றன்மேல் ஒன்றாகச் செருகி உயரம் சேர்ப்பார்கள். உயரம் கிடைக்கும், ஆனால் கைகளும் சேர்ந்து உயர்ந்து இன்னும் மோசமாக முட்டும்.

மரநாற்காலியின்மேல் 4 அங்குல ரீபாண்டட் ஃபோம் (நுரைத் துண்டுகளை அழுத்தி ஒட்டியது) போடுங்கள். மெத்தைக் கடையில் 16க்கு 16 அங்குலம் வெட்டித் தருவார்கள். இலவம்பஞ்சுத் தலையணை வேண்டாம்; ஒரு மணிநேரத்தில் அமுங்கி, போட்டும் போடாதது போல் ஆகிவிடும். சோபா ஸ்பாஞ்சும் அப்படித்தான். ரீபாண்டட் கெட்டியானது, நீங்கள் உட்கார்ந்தால் ஒன்றிரண்டு சென்டிமீட்டர்தான் இறங்கும். 45உம் 8உம் 53; அதோடு முழங்கை 21 சேர்த்தால் 74. மேசை 75. போதும். ஃபோமின் நான்கு மூலையிலும் நாடா தைத்து நாற்காலியோடு கட்டிவிடுங்கள். கட்டாவிட்டால் எழும்போது நழுவும்.

இங்கே ஒரு தடை வரலாம். பல சாப்பாட்டு மேசைகளில் பலகைக்குக் கீழே சுற்றிலும் மரச்சட்டம் ஓடும். இருக்கையை உயர்த்தினால் தொடை அதில் இடிக்கும். குறுகிய பக்கத்தில் பலகை வெளியே நீண்டிருக்கிறதா என்று பாருங்கள். அந்தப் பக்கம் உட்காரலாம். அங்கும் இடித்தால் ஃபோமை 3 அங்குலமாகக் குறைத்துவிடுங்கள். முழங்கை மேசையைவிட இரண்டு மூன்று சென்டிமீட்டர் தாழ்ந்திருந்தால் பாதகமில்லை, பதினொன்று தாழ்ந்திருப்பதுதான் கெடுதல். மேசை உங்கள் சொந்தமாக இல்லாவிட்டால் அறுக்க முடியாது. சொந்தத்தில் வேறொரு பழைய மேசை, சட்டம் இல்லாததாக இருந்தால், தச்சரிடம் கொடுத்து நான்கு காலிலும் 4 அங்குலம் அறுத்துவிடுவது இதையெல்லாம்விடச் சுலபமான வழி. அப்போது ஃபோமே தேவைப்படாது.

இருக்கை 53க்குப் போனதும் கால் 14 செ.மீ. மேலே தொங்கும். இதை விட்டுவிட்டால் மற்றதெல்லாம் வீண். எட்டுச் செங்கல் எடுங்கள். நான்கு கல்லைப் பக்கவாட்டில் ஒட்டி அடுக்கினால் ஏறக்குறைய 40 செ.மீ. அகலம் வரும், அதன்மேல் இன்னொரு நான்கு. கல் 3 அங்குலக் கனம் என்பதால் இரண்டு வரிசை 15 செ.மீ. பழைய சாக்கையோ கெட்டித் துணியையோ சுற்றித் தைத்துவிட்டால் தூள் உதிராது. வீட்டில் கனமான மணைப்பலகைகள் இருந்தால் அதையும் அடுக்கலாம், உயரம்தான் முக்கியம். கால் முழுதாக, குதிகாலோடு சேர்த்து, அதன்மேல் பதிய வேண்டும்.

பாத வீக்கத்தின் பெரும்பங்கு இங்கேதான் இருக்கிறது. 43 செ.மீ. நாற்காலியிலேயே உங்கள் குதிகால் தரையில் படாது. தொடையின் அடிப்பக்கத்தை இருக்கையின் விளிம்பு அழுத்தும். கால் பின்னால் மடிந்து நாற்காலிக் காலைப் பற்றிக்கொள்ளும். காலிலிருந்து ரத்தம் மேலே ஏறுவதற்குக் கெண்டைக்கால் தசை சுருங்கி விரிந்து பம்பு போல உதவ வேண்டும். கால் அசையவில்லை என்றால் பம்பும் ஓடாது. நீர் பாதத்தில் தங்கும். படுத்தால் வடியும். இரண்டு காலிலும் சமமாக வீங்கி, காலையில் வடிகிற வரை இது கவலைப்படும் வீக்கம் இல்லை. ஒரு காலில் மட்டும் வீங்கி, கெண்டைக்கால் சூடாகி, தொட்டால் வலித்தால் நாற்காலி, செங்கல் எல்லாவற்றையும் விட்டுவிட்டு அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள். ரத்தக்கட்டியாக இருக்கலாம். அப்போது காலைப் பிடித்துவிடச் சொல்லாதீர்கள். முகமும் சேர்ந்து வீங்கினாலோ, மூச்சு வாங்கினாலோ, காலையிலும் வடியாவிட்டாலோ மருத்துவர் பார்த்தாக வேண்டும்.

அடுத்தது திரை. லேப்டாப்பில் திரையும் விசைப்பலகையும் ஒட்டியிருப்பதால் ஒன்றுக்குச் சரியான உயரம் மற்றதற்குத் தவறு. தனி விசைப்பலகையும் மவுஸும் ஆயிரம் ரூபாயை ஒட்டி வாங்கலாம். உங்கள் பட்டியலில் முதல் செலவு இதுவாக இருக்கட்டும். லேப்டாப்பைப் பழைய பாடப்புத்தகங்கள்மேல் 15 முதல் 20 செ.மீ. உயர்த்துங்கள். திரையின் மேல்விளிம்பு உங்கள் கண்மட்டத்துக்கு இரண்டு மூன்று விரல் கீழே இருந்தால் சரி. புத்தகங்களை இரண்டு ஓரத்திலும் அடுக்கி நடுவில் இடைவெளி விடுங்கள், அடியில் உள்ள காற்றுத் துளைகள் அடைபடக்கூடாது. கை நீட்டினால் விரல்நுனி திரையைத் தொடும் தூரம் போதும். எழுத்து சிறிதாகத் தெரிந்தால் எழுத்தைப் பெரிதாக்குங்கள், முகத்தைக் கொண்டுபோகாதீர்கள். தலை நாலரை, ஐந்து கிலோ எடை. அது உடம்புக்கு நேர்மேலே நின்றால் எலும்பு தாங்கும், முன்னே போனால் பின்கழுத்துத் தசை இழுத்துப் பிடித்தாக வேண்டும்.

விசைப்பலகை வாங்கும்போது வலது தோளை நினைவில் வையுங்கள். பில்லிங் வேலைக்கு எண்விசைகள் வேண்டும் என்பதால் அகலமான விசைப்பலகையைத்தான் வாங்கத் தோன்றும். எண்விசைகள் வலப்பக்கம் இருப்பதால் மவுஸ் இன்னும் வலப்பக்கம் தள்ளிப்போகும். கை வெளியே விரிந்தபடியே நாள் முழுதும் இருக்கும். ஆகவே எண்விசை இல்லாத சின்ன விசைப்பலகையும், தனியாக விற்கும் எண்விசைப் பலகையும் வாங்குங்கள். எண்விசைப் பலகையை இடப்பக்கம் வைத்துப் பழகலாம். பத்து நாள் தடுமாறும், பிறகு கை பழகிவிடும். அது முடியாதென்றால் மவுஸை இடக்கைக்கு மாற்றுங்கள். எழுத்து விசைகளின் நடுப்பகுதி உங்கள் தொப்புளுக்கு நேராக இருக்கட்டும், பலகையின் நடுப்பகுதி அல்ல.

கை மரத்துப்போவதைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் கடிதத்தில் எனக்கு அதிகக் கவலை தந்தது அதுதான். இன்றிரவு விழிப்பு வந்தால் எந்த விரல் மரத்திருக்கிறது என்று விளக்கைப் போட்டுக் கவனியுங்கள். கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல், மோதிரவிரலில் பாதி என்றால் மணிக்கட்டுக்குள் செல்லும் நடுநரம்பு நெருக்கப்படுகிறது. சுண்டுவிரல் பக்கம் என்றால் முழங்கையில் ஓடும் நரம்பு. மேசை விளிம்பில் முழங்கையை ஊன்றும் பழக்கத்தால் வருவது. இரவில் விழிப்பு வருவதும் உதறினால் தெளிவதும் மணிக்கட்டு நெருக்கத்தின் அடையாளம். தூக்கத்தில் மணிக்கட்டை மடக்கிக்கொண்டு படுப்பதால் அது கூடுகிறது.

இதற்கு வேலை மட்டும் காரணம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். சர்க்கரையும் தைராய்டு குறைவும் இதே தொல்லையைக் கொடுக்கும். உங்கள் வயதில், அம்மாவுக்குச் சர்க்கரை இருக்கும்போது, இரண்டையும் ஒருமுறை பரிசோதித்துவிடுவது அவசியம். கர்ப்பமாக இருந்தாலும் இது வரும். மணிக்கட்டை நேராக நிறுத்தும் ஸ்பிளின்ட் மருந்துக் கடைகளிலேயே கிடைக்கும். உள்ளே தகடு வைத்தது, மணிக்கட்டைப் பின்னால் வளைக்காமல் நேராக வைப்பது என்று கேட்டு வாங்குங்கள். தகடு வளைந்திருந்தால் கையால் நிமிர்த்திவிடலாம். இரவில் மட்டும், ஆறு வாரம் விடாமல் போடுங்கள். இறுக்கிக் கட்டினால் அதுவே மரப்பு தரும். ஒரு விரல் உள்ளே போகும் தளர்வு வேண்டும்.

பகலில், விசைப்பலகையின் பின்பக்கம் இருக்கும் சின்னக் கால்களை மடக்கிவிடுங்கள். அவற்றை நிமிர்த்தினால் மணிக்கட்டு பின்னால் வளையும். பலகையை மேசை விளிம்பிலிருந்து ஒரு சாண் உள்ளே தள்ளி, முன்கையின் சதைப்பகுதியை மேசையில் படியவிடுங்கள். மணிக்கட்டு விளிம்பில் அழுந்தக்கூடாது. மேசைக்கு வெளியேயும் இந்தக் கை உழைக்கிறது: ஈரத்துணி பிழிவது, தேங்காய் துருவுவது, சப்பாத்தி மாவு பிசைவது, ஸ்கூட்டர் கைப்பிடியை இறுக்கிப் பிடிப்பது. ஆறு வாரத்துக்குத் துணி பிழியும் வேலையையாவது வேறொருவர் எடுத்துக்கொள்ளட்டும். உங்கள் கணவர் நாற்காலிக்குத் தயாராக இருந்தவர், இதற்கும் தயாராக இருப்பார் என்று நம்புகிறேன். பொருள்கள் கையிலிருந்து நழுவ ஆரம்பித்தாலோ, கட்டைவிரலின் அடிச்சதை மற்ற கையைவிட மெலிந்து தெரிந்தாலோ ஆறு வாரம் காத்திருக்க வேண்டாம். நரம்பு எவ்வளவு வேகமாகக் கடத்துகிறது என்று பார்க்கும் சோதனை உண்டு. தாமதித்தால் சதை திரும்புவது கடினம்.

இனி இடுப்பு. ‘நிமிர்ந்து உட்கார்’ என்று எல்லோரும் சொல்லியிருப்பார்கள். அந்த அறிவுரை பாதிதான் சரி. 1960களில் ஸ்வீடன் மருத்துவர் நாக்கெம்சன் முதுகெலும்புகளுக்கு நடுவே மெத்தை போல இருக்கும் டிஸ்குக்குள் ஊசி செருகி அழுத்தத்தை அளந்தார். நிற்பதைவிட உட்காருவதில் அழுத்தம் அதிகம் என்றது அந்த அளவீடு. 1999இல் ஜெர்மனியில் புதிய கருவியால் அளந்தபோது அப்படி இல்லை. நாற்காலியில் தளர்ந்து சாய்ந்தபோது அழுத்தம் நிற்பதைவிடக் குறைவாகவே இருந்தது. ஆகவே சாய்வது குற்றமல்ல. பெரியவர்களின் டிஸ்குக்குள் ரத்தக்குழாய் கிடையாது; சுற்றியுள்ள திசுக்களிலிருந்து ஊறித்தான் அதற்கு உணவு போகிறது. அதற்கு அழுத்தமும் தளர்வும் மாறி மாறி வர வேண்டும். ஒரே நிலையில் இரண்டு மணிநேரம் இருந்தால், அது எவ்வளவு அழகாக நிமிர்ந்த நிலையானாலும், எழும்போது இடுப்பு பிடிக்கும். கொஞ்ச நேரம் நிமிர்ந்து, கொஞ்ச நேரம் சாய்ந்து, கொஞ்ச நேரம் முன்னே வந்து என்று மாற்றிக்கொண்டே இருங்கள். சாயும்போது மட்டும் பூந்துவாலையை முன்கைக் கனத்துக்குச் சுருட்டி, புடவைக் கொசுவம் செருகும் மட்டத்துக்குப் பின்னால், சற்று மேலே வைத்துக்கொள்ளுங்கள்.

பெல்ட் வேண்டாம். உட்கார்ந்து வருகிற வலியை அது தடுக்காது. கட்டிக்கொண்டிருக்கிறோம் என்ற தைரியத்தில் எழுந்திருக்காமலே இருந்துவிடுவீர்கள்.

நின்றுகொண்டு வேலை செய்யும் மேசைக்கும் இதே பதில்தான். நேரு வீதித் துணிக்கடைகளில் பத்து மணிநேரம் நிற்பவர்களைக் கேட்டுப் பாருங்கள், அவர்களுக்கும் கால் வீக்கமும் இடுப்பு வலியும் உண்டு. போதாததற்குக் காலில் ரத்தக்குழாய் புடைத்துச் சுருண்டுகொள்வதும் உண்டு. அசையாமல் இருப்பதுதான் பிரச்சினை, அது உட்கார்ந்தோ நின்றோ. உங்களுக்கு வரும் போன் அழைப்புகளை எழுந்து நின்று, நடந்து பேசினாலே அந்த மேசையின் பயனில் பெரும்பகுதி கிடைத்துவிடும்.

மாமியார் சொன்னதில் நிறைய நியாயம் இருக்கிறது. மண்டிக்கடைக் கணக்குப்பிள்ளைகள் தரையில் அமர்ந்து, சரிந்த பலகை உள்ள குட்டி மேசையில் பேரேடு எழுதினார்கள். அந்தக் குட்டி மேசைதான் அதன் சூட்சுமம். அது இல்லாமல் லேப்டாப்பை மடியில் வைத்துச் சம்மணமிட்டால் முதுகு வில்லாக வளையும். தினம் ஒரு மணிநேரம், தட்டச்சு குறைவாகவும் படிப்பது அதிகமாகவும் உள்ள வேலைக்குத் தரையைப் பயன்படுத்துங்கள். கம்பளியை மடித்து 10 செ.மீ. உயரத்துக்குப் போட்டு அதன் விளிம்பில் அமருங்கள். முழங்கால் இடுப்பைவிடத் தாழ்ந்தால் முதுகு தானாக நிமிரும். முன்னால் ஓரடி உயர மடக்கு மேசை. பதினைந்து நிமிடத்துக்கொரு முறை மேலே உள்ள காலை மாற்றுங்கள், ஒரு பக்கம் நீட்டுங்கள். கையை ஊன்றாமல் தரையிலிருந்து எழ முடிந்தால் அதுவே தொடைக்கு நல்ல பயிற்சி. முழங்கால் வலி இருந்தால் இதை விட்டுவிடலாம்.

ஐந்து நிமிடம் கை அசையாவிட்டால் மென்பொருள் குறித்துக்கொள்ளும் என்றீர்கள். உங்களுக்கு வேண்டியது இரண்டு நிமிடம்தான், அரைமணிக்கு ஒருமுறை. 2012இல் ஆஸ்திரேலியாவில் ஓர் ஆய்வில், உடல் எடை கூடியவர்களை 20 நிமிடத்துக்கு ஒருமுறை எழுப்பி 2 நிமிடம் நடக்கவிட்டார்கள். தொடர்ந்து உட்கார்ந்திருந்த நாளைவிட, உணவுக்குப் பின் ரத்தத்தில் ஏறும் சர்க்கரை குறைந்தது. நீங்கள் சோறு சாப்பிட்டுக் கை கழுவியதும் ஒன்றரை மணிக்கு உட்காருகிறீர்கள், அம்மாவுக்குச் சர்க்கரை. ஆகவே மதியம் ஒன்றரை முதல் மூன்றரை வரை இந்த எழுச்சியை எக்காரணம் கொண்டும் விட்டுவிடாதீர்கள்.

அந்த இரண்டு நிமிடத்தில் செய்ய வேண்டியது இவ்வளவுதான். எழுந்து நின்று இரண்டு கையையும் இடுப்பின் பின்னால் வைத்து, முழங்காலை மடக்காமல் மெதுவாகப் பின்னால் சாயுங்கள், ஐந்து முறை. வலி காலுக்குள் இறங்கினால் நிறுத்திவிடுங்கள். நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கி இறக்குங்கள், இருபது முறை. இறக்குவது தூக்குவதைவிட மெதுவாக இருக்க வேண்டும். பிறகு நேரே பார்த்தபடி, தலையைக் குனியாமல், தாடையை மட்டும் பின்னோக்கி இழுத்து ஐந்து எண்ணும் வரை நிறுத்துங்கள், ஐந்து முறை. பலரும் இதில் தாடையை நெஞ்சை நோக்கிக் குனிந்துவிடுகிறார்கள். சுவரில் முதுகை ஒட்டி நின்று பின்தலையைச் சுவருக்குத் தள்ளினால் சரியான அசைவு பிடிபடும். மீதி நேரம் தண்ணீர் எடுத்துவர. இரண்டு லிட்டர் பாட்டிலை மேசையிலேயே வைத்துக்கொள்ளாதீர்கள். ஒரு டம்ளர் மட்டும் வைத்தால் அது தீர்ந்ததும் எழுந்தாக வேண்டும்.

கண்ணுக்கும் அதே வேளையில் ஓய்வு. சன்னல் வழியாகத் தூரத்து மரத்தையோ மாடியையோ பார்த்து நன்றாக இமைத்துக்கொள்ளுங்கள். மின்விசிறி நேராக முகத்தில் அடிக்காமல் திருப்பி வையுங்கள், கண் உலர்வது குறையும்.

தனி நேரம் இல்லை என்றதைப் புரிந்துகொள்கிறேன். உலக சுகாதார அமைப்பு பெரியவர்களுக்கு வாரம் 150 முதல் 300 நிமிட மிதமான உழைப்பும், வாரம் இரண்டு நாளாவது தசைப் பயிற்சியும் வேண்டும் என்கிறது. முன்பு ஒரே மூச்சில் பத்து நிமிடமாவது செய்தால்தான் கணக்கு என்றார்கள். 2020இல் அந்த நிபந்தனையை எடுத்துவிட்டார்கள். இது உங்களுக்குச் சாதகமான மாற்றம். ஏழு மணி இடைவேளையில் முதலில் சாப்பிட்டுவிட்டு 20 நிமிடம் தெருவில் நடங்கள், பேச முடியும் ஆனால் பாட முடியாது என்ற வேகத்தில். ஐந்து நாளுக்கு 100 நிமிடம். ஞாயிறு காலை கடற்கரைச் சாலை. அங்கே மாலை 6 மணியிலிருந்து மறுநாள் காலை வரை வண்டிகளை விடுவதில்லை. சாலை ஒன்றரை கிலோமீட்டர் அளவு. ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு இரண்டு முறை போய்வந்தால் ஒரு மணிநேரத்துக்கு மேல் ஆகிவிடும். மகனையும் அழைத்துப் போங்கள்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் தெரு கிடைக்காது. 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் வந்தபோது நாள்கணக்கில் வெளியே கால் வைக்க முடியாமல் இருந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். அந்த நாட்களுக்கு உங்கள் மாடிப்படி இருக்கிறது. 1953இல் ஜெர்ரி மோரிஸ் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் லண்டன் மாடிப் பேருந்துகளில் வேலை செய்தவர்களை ஆராய்ந்தார். உட்கார்ந்தே இருந்த ஓட்டுநர்களைவிட, நாள் முழுதும் படி ஏறி இறங்கிய நடத்துநர்களுக்கு இதயநோய் குறைவாக வந்திருந்தது. ஏறி இறங்குவது சேர்ந்து ஒரு முறை என்று கணக்கு. ஐந்து முறையில் தொடங்கி வாரத்துக்கு ஒன்று கூட்டுங்கள். கைப்பிடியைப் பிடித்துக்கொள்ளுங்கள், மழை நாளில் படி வழுக்கும். கரன்ட் போன நேரத்தில் லேப்டாப்போடு கட்டிலுக்குப் போய்விடுவது பல வீடுகளில் நடக்கிறது. கட்டிலில் பத்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம், கழுத்துக்கு அதைவிடக் கெட்ட இடம் வீட்டில் இல்லை.

தசைப் பயிற்சிக்குச் செவ்வாய், வெள்ளி என்று இரண்டு நாள், குளிக்கப் போகும் முன் பதினைந்து நிமிடம். கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து பத்து முறை எழுந்து உட்காருங்கள். சுவரில் உள்ளங்கையை வைத்து நெஞ்சைச் சுவருக்குக் கொண்டுபோய்த் தள்ளுங்கள், பத்து முறை. மணிக்கட்டு வலித்தால் முஷ்டி பிடித்துச் சுவரில் ஊன்றுங்கள். பாயில் மல்லாந்து முழங்காலை மடித்து இடுப்பைத் தூக்கி ஐந்து எண்ணுங்கள், பத்து முறை. துணிப்பையில் இரண்டு ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில்களை வைத்து, ஒரு கையை மேசையில் ஊன்றிக் குனிந்து, மறுகையால் பையை விலா வரை இழுங்கள், பக்கத்துக்குப் பத்து. தோள்பட்டைக்கு இதுதான் மருந்து. எல்லாவற்றையும் இரண்டு சுற்று. சுலபமாகத் தோன்ற ஆரம்பித்ததும் பாட்டிலைக் கூட்டுங்கள்.

உயரங்களை எல்லாம் ஒரே நாளில் மாற்றிவிடுங்கள். முதல் நாலைந்து நாள் புதிய இடங்களில் லேசாக வலிக்கும், அது பழகும் வலி. கழுத்தும் தோளும் இரண்டு மூன்று வாரத்தில் தளர வேண்டும். தளரவில்லை என்றால் மறுபடி டேப் எடுங்கள், ஃபோம் இறங்கியிருக்கலாம். சிறுநீரோ மலமோ அடக்க முடியாமல் போவது, உட்காருமிடம் மரத்துப்போவது, பாதத்தைத் தூக்க முடியாமல் செருப்பு கழன்று விழுவது, இவற்றில் எது வந்தாலும் அன்றிரவே ஜிப்மருக்கோ அரசு பொது மருத்துவமனைக்கோ போக வேண்டும். காய்ச்சலோடு வரும் முதுகுவலியும், படுத்தாலும் குறையாத இரவு வலியும், காரணமின்றி எடை குறைவதும் மருத்துவரிடம் சொல்ல வேண்டியவை.

உங்கள் மகனுக்கு இந்த மேசை எந்த வகையிலும் பொருந்தாது. எட்டு வயதுப் பையனை அதற்கேற்ப உயர்த்தினால் காலுக்கு ஓரடி உயரப் படி வைக்க வேண்டியிருக்கும், அதிலிருந்து விழவும் செய்வான். நீங்கள் தரையில் உட்காரும்போது பயன்படுத்தும் அதே மடக்கு மேசையை அவனுக்குக் கொடுங்கள். மடித்த கம்பளியில் சம்மணமிட்டால் முழங்கை மேசையோடு சமமாக வருகிறதா என்று பாருங்கள். வராவிட்டால் கம்பளியை இன்னொரு மடிப்பு மடியுங்கள். வளரும் பிள்ளை, ஆறு மாதத்துக்கொரு முறை அதே டேப்பால் அளந்துகொள்ளுங்கள்.